40 டன் மாப்ள

வாடா மாப்ள, வா. அந்தக் கட்டல்லயே உக்காரு. கையில என்னடா அது பளபளன்னு? கிரேன் கம்பெனிக்காரன் குடுத்த புஸ்தகமா? என்ற தங்கச்சி நேத்து ரவைக்கே போன் போட்டுருச்சு. “அண்ணா, பையன் 40 டன் கிரேன் வாங்கறானாம், நீயே ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பு”ன்னுச்சு.

சொல்றேன். வாங்கு மாப்ள. 40 எதுக்கு, 80 டன்னே வாங்கு. வாசல்ல நிறுத்தி, வாழை மரம் கட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடு. பொண்ணு பாக்கற எடத்துல “மாப்ள கிரேன் ஓனரு”ன்னு சொல்றதுக்கு 40 டன்னுதான் எடுப்பா இருக்கும். பெருந்துறை சிப்காட்டுல ஒரு மெஷினை எறக்கோணும்னா 14 டன் ஹைட்ரா போதும். ஆனா ஒறம்பரைக்காரங்க மத்தியில 14 டன்னுக்கு என்ன மரியாதை இருக்குது?

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த 40 டன்னுக்குச் சோலி யாரு குடுக்கறா? கோயமுத்தூர்ல ஒரு கான்ட்ராக்டரா? கூப்புடறேன்னு சொல்லியிருக்கானா? நல்லது. என்னையும்தான் காலம் பூரா எத்தனையோ பேரு கூப்புடறேன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்.

நம்ம பக்கத்துல கிரேனுக்கு என்ன சோலி வருதுன்னு யோசனை பண்ணிப் பாரு. பவுண்டரியில மோல்டு பாக்ஸ் மாத்தறது, ஸ்பின்னிங் மில்லுல கார்டிங் மெஷின் எறக்கறது, சைசிங் மில்லுக்குப் பாய்லரு, கம்பெனிக்கு டிரான்ஸ்பார்மரு, திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிக்குக் கம்ப்ரசரு, கோழிப்பண்ணை ஷெட்டுக்குக் கூரை டிரஸ்ஸு, பைபாஸ்ல கவுந்த லாரி. இதுல பாதி, தூக்குனா மட்டும் பத்தாது. தூக்கிட்டு நடக்கோணும். ஷெட்டுக்குள்ள பூந்து, தூணுக்கு நடுவுல வளைஞ்சு, பவுண்டேசன் மேல உக்கார வெக்கோணும். அதுக்குத்தான் ஹைட்ரா. உன்ற 40 டன்னு லாரிக் கிரேன் வெளிய நின்னு, நாலு பக்கமும் ஜாக்கி விரிச்சு, எட்டித் தூக்கி எட்டி வெக்கும். பெரிய ஒசரத்துச் சோலிக்கு அது ராஜா. ஆனா அந்த ராஜாவுக்கு நம்ம சிட்கோ சந்துல திரும்பறதுக்கே எடம் கெடையாது.

அட, மறந்தே போயிட்டேன். இன்னொரு பெரிய சோலி இருக்குதே, தலைவருக்கு மாலை போடறது! ஆப்பிள் மாலை, ரோசாப்பூ மாலை, எதுவானாலும் கிரேன்ல தொங்க விட்டாத்தானே நம்ம நாட்டுல இப்ப மாலைன்னே ஒத்துக்கறாங்க. அதுக்கு உன்ற 40 டன்னு சரியா இருக்கும். எத்தனை ஆப்பிள் வேணும்னாலும் கட்டிக்கலாம். வாடகை மட்டும் கேக்காதே. “அண்ணன் கிட்டச் சொல்லியிருக்குது தம்பி”ம்பாங்க. எந்த அண்ணன்னு கேட்டா அடுத்த மாலைக்கு வேற கிரேன் வந்துரும்.

சிரிக்காதே. கோயில் நோம்பிக்கும் கூப்புடுவாங்க. சாமிக்கு மாலை வாங்க நாலு பேரு கொக்கியில தொங்கிக்கிட்டுப் போகோணும்பாங்க. 2023 ஜனவரியில அரக்கோணம் பக்கம் நெமிலி கிட்ட ஒரு கோயில் திருவிழாவுல அப்படித்தான் கிரேன் சாஞ்சு ஆளுக செத்துப் போனாங்க. பொருளைத் தூக்கற வண்டியில ஆளைத் தூக்கக் கூடாது. ஊரே சேந்து வந்து கேட்டாலும் சாவியை எடுத்து மடியில கட்டிக்க. “சாமி குத்தம்”ன்னு வைவாங்க. வையட்டும். போலீஸ் ஸ்டேசன்ல எழுதறது சாமி பேரை இல்லை, ஓனரு பேரை.

இப்ப அந்த டன்னு நாயத்துக்கு வாரேன். வண்டி மூஞ்சியில 14ன்னு எழுதியிருக்குது, அதுனால 14 டன்னு தூக்குமா? தூக்கும். பூமை, அதான் அந்தத் தூக்கற கையை, முழுசா உள்ள இழுத்து, வண்டிக்கு ஒட்டுனாப்புல, கெட்டியான சமதரையில, வண்டி நேரா நிக்கறப்பத் தூக்கும். பூமை நீட்ட நீட்ட, கீழ சாய்க்கச் சாய்க்க, அந்த 14 பத்தாவும், அஞ்சாவும், ரெண்டாவும். ஹைட்ரா இடுப்பை ஒடிச்சுத் திரும்பற வண்டி. திரும்பி நிக்கறப்ப இன்னும் கம்மி. முன்சக்கரத்துல இருந்து 3 மீட்டர்ல 4 டன்னைத் தூக்கறதும், 6 மீட்டர்ல 2 டன்னைத் தூக்கறதும் வண்டியைக் கவுக்கறதுக்கு ஒரே சக்திதான். எடையைக் கேக்கறவன் பாதிக் கிரேன்காரன். எடையையும் கேட்டு, டேப்பைப் புடிச்சு எட்டற தூரத்தையும் அளக்கறவந்தான் முழுக் கிரேன்காரன்.

அந்தக் கணக்கு பூரா லோடு சார்ட்டுல இருக்குது. கேபினுக்குள்ள தகட்டுல அடிச்சிருப்பான். உன்ற புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருப்பான் பாரு. இந்தா, என்ற கண்ணாடியை மாட்டிக்க. 40 டன்னு எத்தனை மீட்டர்ல? 3 மீட்டர்ல. சரி. அதே வண்டி 24 மீட்டர்ல எத்தனை தூக்கும்? வாய் விட்டுச் சொல்லு. கேக்கலை. சத்தமாச் சொல்லு, அத்தைக்கும் கேக்கட்டும். பத்துல ஒரு பங்குகூட வரலையா? அட கெரகத்தே! அட்டையில 40ன்னு அத்தனை பெருசா போட்டிருக்கானே மாப்ள, உள்ள வந்து இப்படி ஏமாத்திப் போட்டானே!

அவன் ஏமாத்தலை. அவன் எல்லாத்தையும் அச்சடிச்சுத்தான் குடுத்திருக்கான். நீதான் அட்டையோட நிறுத்திக்கிட்டே.

அந்தச் சார்ட்டுல இருக்கற எடையில கொக்கி எடையும் சேத்தி. பெல்ட்டு, ஷாக்கிள், எல்லாஞ் சேத்தி. பெரிய வண்டியில கொக்கியே சில நூறு கிலோ வரும். அப்பறம் பெல்ட்டு போடற கோணம். 4 டன்னு மெஷின், ரெண்டு கால் ஸ்லிங்கு. நேரா நின்னா ஆளுக்கு 2 டன்னு. ஸ்லிங்கை அகலமா விரிச்சு, படுத்த வாக்குல 30 டிகிரிக்குக் கொண்டாந்தீன்னா ஒவ்வொரு காலுக்கும் முழுசா 4 டன்னு இழுவை. அதே மெஷின்தான், அதே பெல்ட்டுதான். கட்டுன கோணத்துல எடை இரட்டையாப் போச்சு. இதைச் சொன்னா பல பேரு, “பெரியவரே, நாங்க பாக்காத லோடா”ம்பாங்க. பாத்திருப்பாங்க. பெல்ட்டு அறுந்ததையும் பாத்திருப்பாங்க.

கணக்குக்கு வருவோம். இது ஒரு பேச்சுக்கு, சண்டைக்கு வராதே. 14 டன்னுக்கே 20 லட்சம் கடன் வாங்கறேன்னு வையி. 11 வட்டி, 48 மாசம். மாசத் தவணை ஏறக்குறைய 51,700 ரூபாய். கட்டி முடிக்கறப்ப 24.8 லட்சம் ஆயிருக்கும். ஆபரேட்டருக்கும் ஹெல்பருக்கும் 40,000. இன்சூரன்சு, டேக்ஸு, வண்டி நிறுத்தற எடம் எல்லாஞ் சேத்து 10,000. டயரு, ரோப்பு, ஆயிலுன்னு ஒதுக்கி வெக்கறது 15,000. ஆக மாசத்துக்கு 1,16,700 முட்டுவழி. மணிக்கு 1,200 வாடகைன்னு வெச்சு, 450க்கு டீசல் போனா, கையில நிக்கறது 750. அப்ப எத்தனை மணி நேரம் ஓடோணும்? 156 மணி நேரம். ஞாயித்துக்கிழமை போக 26 நாள்னா, தெனமும் 6 மணி நேரம் பில்லு ஆவோணும். அத்தனையும் ஓடுனாத்தான், மாசக் கடைசியில நீ ஒத்த ரூபா நட்டமில்லாம, ஒத்த ரூபா லாபமும் இல்லாம ஊட்டுக்கு வந்து படுப்பே.

அந்த 6 மணி நேரத்துல வண்டி ரோட்டுல போற நேரம் சேராது. ஹைட்ரா நகர்ற வேகம் உனக்குத் தெரியும், பின்னால வர்ற பஸ்காரனுக்கு இன்னும் நல்லாத் தெரியும். பல்லடத்துக்குப் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள பாதி நாள் போயிரும். போற ஓட்டத்துக்கும் வர்ற ஓட்டத்துக்கும் காசு பேசாம வண்டியை எடுக்காதே. ஐப்பசி மழைக்குச் சேத்துல நிக்கற நாளையும், ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சு நிக்கற நாளையும் நீயே கழிச்சுக்க. இந்தக் கணக்கை உன்ற 40 டன்னுக்குப் போட்டுப் பாத்தயா? போடாதே. தூக்கம் வராது.

சரி, புதுசா பழசா? புதுசு வாங்குனா வாரண்டி இருக்குது, பேங்குக்காரன் சிரிச்சுக்கிட்டே கடன் குடுப்பான். ஆனா 2025ல இருந்து புது வண்டிக்கெல்லாம் ஸ்டேஜ் 5 புகை விதி வந்துருச்சு. வெலை ஏறிப் போச்சு, எஞ்சின்ல சென்சாரு நெறைஞ்சு போச்சு. லைட்டு எரிஞ்சுதுன்னா நம்மூரு மெக்கானிக்கு ஸ்பேனரோட வந்து பத்தாது, கம்பெனிக்காரன் லாப்டாப்போட வரோணும். பழசு வெலை கம்மி. ஆனா அதுலயும் ஒரு கெணறு இருக்குது. டிரைவர் பின்னால உக்காந்து, பூமும் லோடும் முன்னால மறைக்கிற அந்தப் பழைய மாடல் ஹைட்ராவைப் பெரிய கம்பெனிக பல எடத்துல கேட்டுக்குள்ளயே விடறதில்லை. முன்னால நடக்கற ஆளு தெரியாம எத்தனையோ பேரு அடிபட்டுப் போனங்காட்டித்தான் அந்த விதி. சல்லிசாக் கெடைக்குதேன்னு அதை வாங்கிப்போட்டு, கேட்டு வாசல்ல நின்னு செக்யூரிட்டி கிட்ட நாயம் பேசிக்கிட்டு இருக்காதே.

பழசு வாங்கறது எப்படின்னு நான் சொல்றேன். சித்திரையில கண்ணபுரம் சந்தைக்கு உங்க தாத்தன் கூடப் போயிருக்கயே, காங்கேயம் காளை வாங்கறதுக்கு. பல்லைப் புடிச்சுப் பாக்காம, சுழி பாக்காம, நடக்க விட்டுப் பாக்காம கவுத்தைக் கையில வாங்குனாரா? மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயிண்டு அடிச்சிருந்தா இன்னும் எச்சாச் சந்தேகப்படுவாரு. கிரேனும் அதே நாயந்தான்.

வெடியால போ. வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே போ. போனதும் பேனட்டைத் தொறந்து எஞ்சின் மேல கை வையி. சூடா இருந்துச்சுன்னா, நீ வர்றதுக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணிக் கரும்புகையெல்லாம் ஓட்டி முடிச்சுட்டான்னு அர்த்தம். மணி மீட்டரைப் பாக்காதே, அது ஓனரு சொல்றதைக் கேக்கும். பிரேக் பெடல் ரப்பரைப் பாரு, லீவர் குமிழைப் பாரு, சீட்டு பள்ளத்தைப் பாரு. மீட்டர்ல 3,000 மணி நேரம்னு இருந்து, பெடல் இரும்பு பளபளன்னு தேஞ்சு கெடந்துச்சுன்னா, “மீட்டரு புதுசுங்களா”ன்னு மட்டும் கேளு. மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேளு.

பூம்ல புதுப் பெயிண்டு இருக்கற எடத்துல காந்தத்தை வெச்சுப் பாரு. ஒட்டலைன்னா பட்டி பாத்திருக்கான். வெல்டிங் ஓரத்துல முடிக்கோடாட்ட வெடிப்பு இருந்தா வண்டியை விட்டு எறங்கி வந்துரு, வெலையே கேக்காதே. ஹைட்ராலிக் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சுப் பாரு. வெள்ளையாத் திரிஞ்சிருந்தா தண்ணி கலந்திருக்குது. நடு மூட்டுல பின்னும் புஷ்ஷும் ஆடுதான்னு ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடிச்சுப் பாரு. ரோப்பை முழுசா வெளிய இழுத்து, கையுறை போட்டுக்கிட்டுத் தடவிப் பாரு. கம்பி முள்ளு முள்ளாக் குத்துச்சுன்னா, முறுக்கு ஒடைஞ்சிருந்துச்சுன்னா, அந்த ரோப்பு வெலையைக் கழிச்சுரு. வெர்னியர் வெச்சு அள. புதுசுல இருந்த அளவுல பத்துல ஒரு பங்கு தேஞ்சிருந்தா அது குப்பைக்குத்தான்.

அப்பறம் ஒரு லோடைத் தரையில இருந்து சாண் ஒசரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொல்லு. ஆளுகளை அக்கட்டால போகச் சொல்லிட்டு, பக்கத்துல ஒரு குச்சியை நட்டு அளவு வெச்சுட்டு, எட்ட நின்னு டீ குடி. அவசரப்படாமக் குடி. டீ முடியறதுக்குள்ள லோடு தானா எறங்கியிருந்தா சிலிண்டர் சீலு போயிருக்குது, இல்லைன்னா வால்வு போயிருக்குது. விக்கறவன் அந்நேரம் பாத்து உன்ற கிட்டக் குடும்ப நாயம் எச்சாப் பேசுவான். நீ குச்சியை மட்டும் பாரு.

கேபின்ல ஓவர்லோடு அலாரம் வயரை வெட்டி டேப்பு சுத்தியிருக்குதான்னு பாரு. வெட்டியிருந்தா அந்த வண்டி என்ன பாடுபட்டிருக்கும்னு தனியாச் சொல்லோணுமா? ஆர்.சி.யில இருக்கற சேசிஸ் நம்பரையும் இரும்புல குத்துன நம்பரையும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாரு. பைனான்ஸ் பாக்கி இருந்தா, ஃபாரம் 35 கைக்கு வராம முழுப் பணத்தையும் குடுத்துராதே.

கிரேனை விக்கறதுக்கு டீலரு இருக்கான். ஆபரேட்டரை விக்கறதுக்கு எந்த டீலரும் கெடையாது. நல்ல ஆபரேட்டர் யாரு தெரியுமா? ‘முடியாதுங்க’ன்னு சொல்லத் தெரிஞ்சவன். பார்ட்டிகாரன் எப்பவும், “5 டன்னுக்குள்ளதாங்க, பாத்துத் தூக்குங்க”ம்பான். 8 டன்னு மெஷினை 5ன்னு சொன்னா வாடகை கொறையும்னு அவனுக்கு நெனப்பு. மெஷின் தகட்டைத் தொடைச்சு எடையைப் படிக்கறவன், அடியில போல்ட்டு முழுசாக் கழட்டியிருக்குதான்னு குனிஞ்சு பாக்கறவன், ஜாக்கி போடற எடத்துல புதுசா மூடுன குழி இருக்குதான்னு கேட்டுக் கட்டை போடறவன், மேல ஈ.பி. லைன் போச்சுன்னா கொறைஞ்சது 3 மீட்டர் தள்ளி நின்னு, “லைனை ஆப் பண்ணிட்டுக் கூப்புடுங்க”ங்கறவன், அவன் கெடைச்சா அண்ணான்னு கூப்புடு. பேட்டாவை அன்னன்னிக்கே குடு. ராத்திரி முழுக்கச் சோலி பாத்தவனை வெடியால இன்னொரு சோலிக்கு அனுப்பாதே. அவன் போனா அடுத்தவன் வர்ற வரைக்கும் தவணை கட்டறது நீதான்.

இன்சூரன்சுல கையெழுத்துப் போடறதுக்கு முந்தி ஒரு கேள்வி கேளு: தூக்கற சோலியில வண்டி கவுந்தா பணம் வருமா? சாதா பாலிசியில வராது. ஓவர்டர்னிங் கவர்னு தனியாப் பணம் கட்டிச் சேத்தாத்தான் வரும். கிரேன் கவுறது ரோட்டுல ஓடறப்ப இல்லை, நின்னு தூக்கறப்பத்தான். அந்த ஒண்ணை விட்டுப்போட்டு மீதி எல்லாத்துக்கும் பாலிசி எடுத்து வெச்சிருக்கற ஓனருக நெறையப் பேரு. தூக்கற மெஷினு, சங்கிலி, ரோப்பு எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒருக்கா தகுதியுள்ள ஆளு சோதிச்சுச் சர்டிபிகேட்டு குடுக்கோணும்னு பழைய 1948 தொழிற்சாலைச் சட்டம் 29ஆம் பிரிவுலயே இருந்துச்சு. அது இல்லாம பேக்டரிக்காரன் உள்ள விடமாட்டான். வண்டியைப் பாக்காமலே சர்டிபிகேட்டு அடிச்சுத் தர்றவன் கிட்டப் போகாதே. காகிதம் லோடு தூக்காது.

கடைசியா வசூல். லோடைத் தூக்கறதை விட அந்த வாடகையை வசூல் பண்றதுக்குத்தான் மாப்ள பெரிய கிரேன் வேணும். சோலி முடிஞ்ச நிமிசமே ஓடுன நேரம் எழுதுன லாக் ஷீட்டுல கையெழுத்து வாங்கு. அடுத்த நாள் போனா, “உங்க வண்டி லேட்டா வந்துச்சே”ம்பான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவைப் பண்ணிரு, காசு கெடையாது. அதைப் பண்ணியிருந்தா, 2006 சிறுதொழில் சட்டப்படி உன்ற பில்லை 45 நாளுக்குள்ள குடுக்கோணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள். தாண்டுனா பேங்கு ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து, அந்தக் கெடுவுக்குள்ள குடுக்காத பணத்தை, குடுக்கற வருசம் வர்ற வரைக்கும் அவன் வருமான வரியில செலவாக் காட்டவும் முடியாது. இதையெல்லாம் வாயில சொன்னீன்னா பணம் வந்துரும், அடுத்த சோலி வராது. அதுனால பில்லுக்கு அடியில அச்சடிச்சு வெச்சுப்போட்டு, வாயில “அண்ணா, நீங்க பாத்துக் குடுங்க”ன்னே சொல்லு. அவனோட ஆடிட்டர் படிப்பாரு.

இப்ப முடிவு. 40 டன்னு வேண்டாம். முன்னால நல்லாப் பார்வை தெரியற மாடல்ல, கெட்டியான 14 டன்னு ஒண்ணு, கையில இருக்கற பணம் பாதி, கடன் பாதி. 40 டன்னு சோலி வந்துச்சுன்னா வெச்சிருக்கறவன் கிட்ட வாடகைக்கு எடுத்து, உன்ற பங்கை மேல வெச்சு முடிச்சுக் குடு. மாசத்துக்குப் பத்து நாள் அப்படி வந்துச்சுன்னா, அன்னிக்கு வந்து கேளு. நானே கூட வந்து வாங்கித் தாரேன்.

சேலத்துல ஒருத்தன் 14 டன்னு விக்கறான்னு கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை வெடியால அஞ்சரைக்கு ரெடியா இரு. வெர்னியரு, காந்தம், கையுறை, கண்ணாடி டம்ளரு எல்லாம் எடுத்துக்க. அட்வான்சுப் பணத்தை மட்டும் ஊட்டுலயே வெச்சுப்போட்டு வா.